தீர்ப்புக்கு இங்கே ‘விதி’ என்று பெயர்

கேரளச் சட்டமன்றம் 2025-இல் மலையாள மொழி மசோதாவை நிறைவேற்றியதிலிருந்து, பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளில் தமிழின் நிலை பற்றிய பேச்சு மறுபடியும் சூடுபிடித்திருக்கிறது. பள்ளிக்கூடம், பாடப்புத்தகம், அலுவலகப் படிவம், பெயர்ப்பலகை என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசுகிறோம். ஒரு பெண்ணின் வாழ்க்கையும் ஒரு பிள்ளையின் எதிர்காலமும் காகிதத்தில் எழுதி முடிவாகிற இடமான குடும்ப நீதிமன்றத்தைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளையை யார் வைத்துக்கொள்வது, போட்ட நகை யாருக்கு என்ற வழக்குகளில் இங்குள்ள தமிழர்களுக்குச் சட்ட உதவி எப்படிக் கிடைக்கிறது, எங்கே தடைப்படுகிறது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

சென்ற மழைக்காலத்தில் தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னிடம் சில காகிதங்களை நீட்டினார். நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்து, ஈரத்தில் மை ஊறியிருந்த சம்மன். கூடவே கணவர் போட்ட விவாகரத்து மனுவின் நகல். எல்லாம் மலையாளத்தில். அந்தப் பெண்ணுக்கு மலையாளம் கேட்டால் புரியும், நாலு வார்த்தை பேசவும் வரும். படிக்கத் தெரியாது.

“இதை யார் படிச்சுச் சொன்னாங்க?” என்று கேட்டேன். “பாப்பாதான் அண்ணே” என்றார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள். அம்மாவின் நடத்தையைப் பற்றி அப்பா எழுதிக் கொடுத்திருந்த வரிகளை, அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்து, அம்மாவுக்குத் தமிழில் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் என்னால் ஒன்றும் கேட்க முடியவில்லை.

நான்கு சொற்கள்

மலையாளமும் தமிழும் அக்கா தங்கை என்பார்கள். அந்த நெருக்கமே கோர்ட்டில் ஆபத்தாகிவிடுகிறது. முழுக்கப் புரியாத மொழி என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தோன்றும். பாதி புரிகிற மொழி, முழுக்கப் புரிந்துவிட்டது என்று நம்மையும் நினைக்க வைக்கும், எதிரில் இருப்பவரையும் நினைக்க வைக்கும்.

மலையாளத்தில் ‘ஒப்பு’ என்றால் கையெழுத்து. தமிழ்க் காதுக்கு அது சம்மதம். ‘அவதி’ என்றால் அங்கே வாய்தா, அல்லது விடுமுறை. ‘கேஸ் அவதிக்கு வெச்சிருக்கு’ என்று குமாஸ்தா போனில் சொன்னால், தமிழ்ப் பெண்ணின் வயிற்றில் புளியைக் கரைக்கும். ‘விதி’ என்றால் தீர்ப்பு. ‘விதி வந்திருக்கு’ என்ற சொல்லைக் கேட்டு அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். எதிர்மனுதாரரை ‘எதிர்கக்ஷி’ என்று எழுதியிருப்பார்கள். அதை வாசித்துவிட்டு, இதில் அரசியல் கட்சி எங்கே வந்தது என்று குழம்பியவர்களும் உண்டு.

இது எஸ்டேட் பெண்களோடு முடிகிற சங்கதி இல்லை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் மலையாளத்தில் பேரம் பேசித் தேங்காய் விற்கிறவரும் கோர்ட் மலையாளத்தை வாசிக்கத் திணறுவார். வடகரப்பதி, எருத்தேம்பதி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், முதலமடை, அந்தப் பக்கம் வண்டிப்பெரியாறு, குமுளி, பூப்பாறை, மறையூர், வட்டவடை என்று எல்லை நெடுக இதுதான் நிலைமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலக் கோடு வரைந்தபோது அது நிலத்தைப் பிரித்தது; கல்யாணங்களை அதனால் பிரிக்க முடியவில்லை. இன்றும் பெண் எடுப்பது போடியில், கொடுப்பது மூணாறில். மாப்பிள்ளை பொள்ளாச்சி, பெண் சிற்றூர். உறவு நன்றாக இருக்கும் வரை அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. முறிகிற அன்றைக்குத்தான் அது குறுக்கே வந்து நிற்கும்.

கேட்டால் கிடைக்கும் உரிமை

முதலில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி, பெண்ணாக இருந்தாலே இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. எவ்வளவு சம்பளம், எத்தனை சென்ட் நிலம் என்ற கேள்வியே இல்லை. குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் அப்படியே. தொழிற்துறைத் தொழிலாளி என்ற பிரிவும் அந்தப் பட்டியலில் இருப்பதால், எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஆணும் தயங்காமல் விண்ணப்பிக்கலாம். மற்ற ஆண்களுக்குத்தான் வருமான வரம்பு.

இந்த உதவியில் வக்கீல் கட்டணம் மட்டுமல்ல, கோர்ட் கட்டணமும் ஆவணச் செலவும் அடங்கும். கேரளச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு (கெல்சா என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும்) மாவட்டந்தோறும் அலுவலகம் உண்டு. கீழே தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணுக்கு நாட்டின் எந்த மூலையிலிருந்தும் கூப்பிடலாம். அந்தக் குழு நியமிக்கும் வக்கீல் கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. அவர் சரிவரப் பார்க்கவில்லை என்றால் வேறு வக்கீலை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம்.

‘சும்மா கிடைக்கிற வக்கீல் நம்ம கேஸை ஒழுங்கா நடத்துவாரா’ என்ற சந்தேகம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்தச் சந்தேகத்தை நான் பழிக்க மாட்டேன். ஓசியில் கிடைத்த எதுவும் ஏழைக்கு இதுவரை உருப்படியாக வந்து சேர்ந்ததில்லை. ஆனாலும் நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுவதற்கு முன் தாலுகாக் குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுத்துப் பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், வக்கீல் இல்லாமலேயே வந்து நின்று பேசும்படி அமைத்த சட்டம். வக்கீலை வைத்துக்கொள்வது அங்கே உரிமையாகக்கூடத் தரப்படவில்லை, நீதிபதி அனுமதித்தால்தான். முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும், கவுன்சலர் இருக்க வேண்டும், கேட்டால் கதவைச் சாத்திவிட்டுத் தனியறையில் விசாரிக்க வேண்டும் என்றெல்லாம் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. வாய் திறந்து பேசும் மனிதரை நம்பி எழுதிய சட்டம் அது. பேசுகிற மொழி அங்கே எடுபடாவிட்டால் அந்தச் சட்டத்தின் உயிரே போய்விடுகிறது. கவுன்சலரிடம் மனம் விட்டு அழ வேண்டிய பெண், தெரியாத மொழியில் வார்த்தை தேடிக்கொண்டிருந்தால் என்ன சமரசம் நடக்கும்?

எந்தக் கதவைத் தட்டுவது?

எல்லைப் பகுதியில் குடும்ப வழக்கின் பாதி வெற்றி, எந்தக் கோர்ட்டில் போடுகிறோம் என்பதிலேயே இருக்கிறது. இதைச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

பாலக்காடு மாவட்டத்தில் பாலக்காட்டிலும் ஒற்றப்பாலத்திலும் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. சிற்றூர்க்காரருக்குப் பாலக்காடு பக்கம்தான். இடுக்கியின் கதை வேறு. மாவட்ட நீதிமன்ற வளாகம் தொடுபுழைக்கு அருகே முட்டத்தில். குடும்ப வழக்குக்குத் தொடுபுழை அல்லது கட்டப்பனை போக வேண்டும். மூணாறிலிருந்து தொடுபுழை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். மறையூர், காந்தலூர், வட்டவடைக்காரர்கள் முதலில் மூணாறுக்கு வந்து சேரவே இரண்டு மணி நேரம். விடியுமுன் கிளம்பி, அடிமாலி வளைவுகளில் வாந்தி எடுத்து, பதினோரு மணிக்குப் பேர் கூப்பிடும்போது போய் நின்றால், எதிர்த்தரப்பு வரவில்லை என்று வாய்தா. அன்றைய கூலி போயிற்று, பஸ் காசு போயிற்று, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டாரிடம் பட்ட கடன் வேறு.

இப்படிப்பட்ட பெண்ணுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பக்கத்திலேயே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் மனு கொடுப்பது மாஜிஸ்திரேட் கோர்ட்டில். தேவிகுளத்தில் அது இருக்கிறது, சிற்றூரிலும் இருக்கிறது. அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு உத்தரவு, வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற வசிப்பிட உத்தரவு, மாதச் செலவுக்குப் பணம், பிள்ளையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை ஆகிய நான்கையும் ஒரே மனுவில் கேட்கலாம். மனு வந்த 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அடி உதை மட்டும் வன்முறை இல்லை. செலவுக்குப் பணம் தராமல் வைத்திருப்பதும் அதில் அடங்கும். விவாகரத்து மட்டும் அங்கே கிடைக்காது. ஆனால் அடி வாங்கிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு நாளைக்கே தேவைப்படுவது விவாகரத்து இல்லையே.

இந்தச் சட்டத்தில் எல்லைக்காரர்களுக்கென்றே எழுதியதுபோல் இரண்டு வரிகள் உண்டு. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனு கொடுக்கலாம் என்பது ஒன்று. அந்த உத்தரவு இந்தியா முழுவதும் செல்லும் என்பது மற்றொன்று. கம்பத்தில் அம்மா வீட்டில் ஒதுங்கியிருக்கும் பெண் தேனி மாவட்டத்தில் வாங்கும் உத்தரவு, வண்டிப்பெரியாறில் இருக்கும் கணவனையும் கட்டுப்படுத்தும்.

ஜீவனாம்சத்துக்கும் அப்படியே. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. மனைவி வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கணவன் எங்கே இருக்கிறானோ அங்கே அந்த உத்தரவை நிறைவேற்றிக்கொள்ளலாம். பிள்ளைகள் கைவிட்ட வயதான அப்பா அம்மாவும் இப்போது தாங்கள் வசிக்கும் ஊரிலேயே கேட்கலாம். ரிட்டயர் ஆகி லயத்தைக் காலி செய்துவிட்டு, சங்கரன்கோவில் பக்கம் பூர்வீக ஊருக்குத் திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கு இது பெரிய துணை.

விவாகரத்து என்றால் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 2003-இல் செய்த திருத்தம், மனுப் போடுவது மனைவி என்றால் அவர் தற்போது வசிக்கும் ஊரிலேயே போடலாம் என்கிறது. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தச் சலுகை எழுதப்படவில்லை. கல்யாணம் நடந்த இடம், இருவரும் சேர்ந்து வசிக்கும் இடம் அல்லது கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இவைதான் கணக்கு. பீர்மேடு, மூணாறு தோட்டங்களில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஏராளம். அவர்களிடம் யாராவது இதைச் சொல்லியிருக்கிறார்களா?

கணவர் முந்திக்கொண்டு கேரளத்தில் மனுப் போட்டுவிட்டால், போடியில் இருக்கும் மனைவி என்ன செய்வது? ஒரே மாநிலத்துக்குள் என்றால் உயர் நீதிமன்றமே வழக்கை மாற்றும். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என்று 2008-இல் தெளிவாகிவிட்டது. போடிமெட்டு வளைவுகளில் இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிற தூரத்துக்கு டில்லி வரை போய் உத்தரவு வாங்க வேண்டும்! உச்ச நீதிமன்றத்திலும் இலவசச் சட்ட உதவிக் குழு இருக்கிறது, தாலுகாவில் கொடுக்கிற விண்ணப்பத்தை அங்கே அனுப்பி வைக்கலாம் என்பதைச் சொல்ல யாரும் இல்லாததால், பலர் போகாமலேயே இருந்துவிடுகிறார்கள். வழக்கு ஒருதலையாக முடிந்துபோகிறது. பிறகு ஒரு நாள் ‘விதி’ வந்து சேர்கிறது.

பிள்ளையும் டி.சி.யும்

பிள்ளையை யார் வைத்துக்கொள்வது என்ற வழக்கில் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் கேட்பது, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடம் எது என்பதை. எல்லையில் இந்தக் கேள்விக்கு ஒரே ராத்திரியில் விடையை மாற்றிவிடப் பார்ப்பார்கள். மூணாறில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை லீவுக்கென்று கூட்டிப்போய், உத்தமபாளையத்தில் பள்ளியில் சேர்த்து, டி.சி.யையும் வாங்கிவிடுவார்கள். அப்பா வீடு செய்வதும் உண்டு, அம்மா வீடு செய்வதும் உண்டு. ஒரு லீவில் இடம் மாற்றியதால் மட்டும் வழக்கமான வசிப்பிடம் மாறிவிடாது. ஆனால் உடனே எழுந்து கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் போனால், பிள்ளை இங்கே பழகிவிட்டது என்ற வாதம் பலப்பட்டுவிடும்.

இந்து சட்டப்படி, 5 வயது நிரம்பாத பிள்ளை பொதுவாக அம்மாவிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல் சட்டம் பார்ப்பது பிள்ளையின் நலனை. ‘ஆம்பளப் புள்ள அப்பாவுக்கு, பொம்பளப் புள்ள அம்மாவுக்கு’ என்று ஊரில் பேசுவார்களே, அப்படி ஒரு விதி எந்தச் சட்டத்திலும் கிடையாது. பிள்ளையைப் பார்க்க முடியாமல் தவிக்கும் அப்பாக்களையும் நான் அறிவேன். அவர்களுக்கும் சந்திக்கும் உரிமை உண்டு. மாதம் இரண்டு ஞாயிறு, லீவில் பாதி என்று கேட்டு வாங்கலாம். வாரம் ஒரு நாள் வீடியோ அழைப்பு என்றும் கேட்கலாம். பிள்ளையைக் கையில் பிடித்து மாற்றிக்கொள்ளும் இடம் பஸ் ஸ்டாண்டோ போலீஸ் ஸ்டேஷனோ ஆகாமல் பார்த்துக்கொள்வது இருவரின் கடமை.

பவுனும் லயமும்

பெண்ணுக்குப் போட்ட நகை பெண்ணுக்கே சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில், 89 பவுன் நகையைத் திரும்பக் கேட்ட கேரளப் பெண் ஒருவரின் வழக்கிலும் அதையே உறுதிசெய்து, அவருக்கு 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அந்தப் பெண்ணுக்குக் குடும்ப நீதிமன்றம் 2011-இலேயே சாதகமாகச் சொல்லியிருந்தது. இடையில் போன ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த வழக்கைத் தொடங்குவதே பாரமாகியிருக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் சொத்து, நகை கேட்டுப் போடும் மனுக்களுக்குக் கேரளத்தில் முன்பு பெயரளவுக்குத்தான் கட்டணம். 2024-25 பட்ஜெட் அதை மாற்றியது. 1 லட்சம் வரை 200 ரூபாய். 1 முதல் 5 லட்சம் வரை அரை சதவீதம். அதற்கு மேல் 1 சதவீதம், உச்சவரம்பு 2 லட்சம். பவுன் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் 20 பவுனைத் திரும்பக் கேட்க 20,000 ரூபாய் கட்ட வேண்டும். கொழுந்து கிள்ளும் பெண் எங்கே போவார்? தாலுகாக் குழு வழியாகப் போனால் இந்தக் கட்டணத்தை அவர் கட்ட வேண்டியதில்லை. தனியார் வக்கீல் வழியாகப் போட்ட பிறகு தெரிந்துகொள்வதில் பயன் குறைவு. அதனால்தான் முதல் படி எது என்பதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நகையைவிடப் பெரிய கவலை வீடு. தோட்டத்தில் லயம் என்பது வேலையோடு ஒட்டிய வீடு. கணவன் பேரில் வேலை இருந்து, மனைவி வெளியே கூலி வேலை பார்க்கிறவராக இருந்தால், சண்டை வந்த மறுநாள் அவருக்குத் தலைக்கு மேல் கூரை இல்லை. மனைவி பேரில் வேலை இருந்தால் கதை மாறும்; வெளியேற வேண்டியது யார் என்பதும் மாறும். 2015-இல் மூணாறு வீதியை அடைத்து உட்கார்ந்த ‘பெம்பிளை ஒருமை’ இயக்கப் பெண்கள் கூலிக்கும் போனஸுக்கும் போராடியவர்கள்தான். ஆனால் அந்த ஒற்றை அறையும் அடுப்படியும் யாருடையது என்ற கேள்வி, அவர்களில் எத்தனை பேர் மனதில் இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கணவன் பேரில் உள்ள லயம்கூட, இருவரும் சேர்ந்து குடியிருந்த வீடுதான். அதில் தொடர்ந்து இருக்க வசிப்பிட உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். எஸ்டேட் அலுவலகத்தில் போய் அழுதுவிட்டு வருவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை.

ஸ்டாம்பு பேப்பரில் முடியாது

கோர்ட் தூரம், மொழி புரியவில்லை, செலவு தாங்காது என்றால் மனிதர்கள் எங்கே போவார்கள்? ஊர்ப் பெரியவர்களிடம் போவார்கள். எல்லைக் கிராமங்களில் இன்றும் 100 ரூபாய் ஸ்டாம்பு பேப்பரில் ‘இனி எனக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை’ என்று எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு அத்துவிடுகிறார்கள். அந்தத் தாளை நம்பி மறுமணமும் நடக்கிறது. சாதி வழக்கம் என்று கோர்ட்டில் ஆதாரத்தோடு நிரூபித்தால் ஒழிய அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. பிறகு பென்ஷன், பி.எஃப்., வாரிசுச் சான்று என்று வரும்போது முதல் மனைவியா இரண்டாம் மனைவியா என்று இரண்டு பெண்கள் தெருவில் நிற்பார்கள்.

பழங்குடிகளின் நிலை வேறு. அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர், இடமலைக்குடியின் முதுவர் ஆகியோருக்கு இந்து திருமணச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. அவர்கள் வழக்கமே சட்டம். ஆகவே அவர்கள் ஊர் மூப்பனிடம் தீர்த்துக்கொள்வதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டமும் ஜீவனாம்ச உரிமையும் அவர்களுக்கும் உண்டு. வழக்கம் அதைப் பறிக்க முடியாது.

பாலக்காட்டுத் தமிழ் ராவுத்தர் குடும்பங்களுக்கு இரண்டு தீர்ப்புகள் முக்கியம். மனைவி தானே மண முறிவு கேட்கும் குலா முறையைக் கேரள உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் ஏற்றது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொன்னது. கிறிஸ்தவர்கள் சம்மதத்தோடு பிரிய, ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் ரத்து செய்தது.

செய்ய வேண்டியவை

முதல் வேலையாக, தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு, சிற்றூர், அட்டப்பாடி தாலுகாக்களில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த வக்கீல்களையும் சட்டத் தன்னார்வலர்களையும் கெல்சா தனியே நியமிக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். அவர்கள் பெயர் தாலுகா அலுவலகத்துச் சுவரோடு நின்றுவிடாமல் எஸ்டேட்டில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையிலும் ரேஷன் கடையிலும் அங்கன்வாடியிலும் தமிழில் ஒட்டியிருக்க வேண்டும்.

மொழிச் சிறுபான்மைப் பகுதிகளுக்குப் போகும் குடும்ப நீதிமன்றச் சம்மனோடு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு இணைக்கலாம். யார் போட்ட வழக்கு, என்ன கேட்கிறார்கள், எந்தத் தேதி, வராவிட்டால் என்ன ஆகும், இலவச உதவிக்கு எங்கே போவது என்ற ஐந்து வரி போதும். ஒரு முறை அச்சடித்துவிட்டால் தேதியும் பெயரும் மட்டும் நிரப்புகிற வேலை.

கேரளத்தின் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பதிவு செய்ய 2025 நவம்பர் 1 முதல் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது உயர் நீதிமன்றம். மலையாளப் பேச்சை எழுத்தாக்கும் ஏற்பாடு வந்த பிறகு, தமிழில் சொன்ன சாட்சியத்தைத் தமிழிலேயே பதிந்து, அதை வாசித்துக் காட்டிய பிறகே ‘ஒப்பு’ வாங்குவதற்கு என்ன தடை? அதுவரை சம்பளம் பெறும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒவ்வொரு கோர்ட்டிலும் இருக்கட்டும்.

குடும்ப நீதிமன்ற நீதிபதி மாதம் ஒரு முறை தேவிகுளத்தில் வந்து உட்கார ஏற்பாடு செய்யலாம். சாதாரண வாய்தாக்களுக்குத் தாலுகா கோர்ட்டிலிருந்தே வீடியோ வழியாக ஆஜராகலாம். அதற்கான விதிகளைக் கேரளம் 2021-லேயே வகுத்துவிட்டது. கேரள, தமிழகச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சேர்ந்து குமுளி, போடிமெட்டு, வாளையார், கோவிந்தாபுரம் பகுதிகளுக்கென்று ஒரு கூட்டு உதவி மையம் திறக்கலாம். எந்த மாநிலத்தில் போடுவது நல்லது என்று முதல் நாளே சொல்லித்தர ஓர் ஆள் இருந்தால், டில்லி வரை போகும் வழக்குகள் பாதி குறையும். நகை கேட்டு மனுப் போடும் பெண்களுக்கு அந்த 1 சதவீதக் கட்டணத்தை அரசு முழுதாக விலக்க வேண்டும்.

குடும்பங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கேரளத்தில் நடந்த கல்யாணத்தை மதம் எதுவானாலும் பஞ்சாயத்தில் பதிய 2008 விதிகள் சொல்கின்றன. தமிழ்நாட்டுக் கோவிலிலோ மண்டபத்திலோ நடந்ததை அங்குள்ள சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். இரண்டு ஊரும் ‘அந்தப் பக்கம் பதிஞ்சிருப்பாங்க’ என்று இருந்துவிடாதீர்கள். நகை வாங்கிய ரசீதையும் கல்யாணப் போட்டோவையும் பெண் தன் அம்மா வீட்டில் ஒரு நகல் வைத்திருக்கட்டும். பிள்ளையின் பிறப்புச் சான்று, ஆதார், பள்ளி அட்டை, கணவனின் சம்பளச் சீட்டு ஒன்று, ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘தமிழ்ல சொல்லுங்க, அப்புறம் போடுறேன்’ என்று கேளுங்கள். சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டு, அதைப் பிள்ளையிடம் கொடுக்காமல் அன்றே 15100-க்குக் கூப்பிடுங்கள்.